நீல பெஞ்சு, மணி, நீர்மோர்

இங்க உக்காரலாமா தாயி? அந்தப் பையைக் கொஞ்சம் மடியில எடுத்து வச்சுக்கோ. அம்புட்டுத்தான், எனக்கு இந்த ஓரம் போதும். நாலு மணிக்குத்தான் கதவைத் திறப்பாங்களாம். அதுக்கு எதுக்கு இப்பவே நிக்கணும்? அந்தா கதவுகிட்ட நிக்குதே ஒரு கூட்டம், அதுக நின்னா மட்டும் முன்னாடியே திறந்துருவாங்களாக்கும்.

உள்ள யாரு, உங்க அப்பாவா? குடலிறக்கமா? அட, அது ஒண்ணும் பண்ணாது. எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு தடவை ஆபரேசன் பண்ணி, இப்பவும் சைக்கிள் மிதிக்கிறாரு. நீ பயப்படாத. எனக்கு உள்ள படுத்திருக்கிறது நாத்தனா. எங்க வீட்டுக்காரரோட கூடப்பிறந்த தங்கச்சி. பூச்செண்டுன்னு பேரு. பேருதான் பூச்செண்டு, வாயைத் திறந்தா விளக்கமாறு. நேத்துக் காலையில பக்கவாதம் வந்துருச்சு. வலது கை தூக்க வரலை. வாய் ஒரு பக்கமா கோணிப் போச்சு. பேச்சு வரலை தாயி. பூச்செண்டுக்குப் பேச்சு வரலைன்னா, நீ நம்புவியா? அவளைத் தெரிஞ்ச யாரும் நம்ப மாட்டாக.

பேச்சு திரும்புமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். "பொறுத்துப் பாப்போம்மா"ங்கிறாரு. அவருக்கென்ன, பொறுப்பாரு. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அவகூடச் சண்டை போட்டுட்டு இருக்கேன் நான். திடீர்னு எதிர்ல சத்தமே இல்லைன்னா நான் யாருகிட்டப் போயிப் பேசுறது? பயமா இருக்கு தாயி. நேத்துல இருந்து ஒரு வாய் சோறு இறங்கலை.

சரி விடு. நான் யாருன்னு உனக்குத் தெரியலைல்ல? தெரியாது, நீ இந்தப் பக்கத்துப் பிள்ளை இல்லை. குருவம்மான்னா எங்க நகராட்சியில தெரியாத ஆள் கிடையாது. சுகாதாரத் தன்னார்வலர். பிரஷர் இருக்கவங்களைத் தேடிப் பிடிச்சு, மாத்திரை குடுத்து, ஒழுங்கா முழுங்குறாங்களான்னு பாக்குற வேலை. இந்தா, மிஷின் இந்தப் பையிலதான் கிடக்கு. எங்க போனாலும் தூக்கிட்டுப் போயிருவேன். என் போட்டோ போட்டுப் புத்தகமே அடிச்சிருக்காங்க. சுத்தியும் பெரிய பெரிய அதிகாரிங்க, நடுவுல நான், ஊதாக் கலர் பட்டுச்சேலை. 'வேப்பமரத் திட்டம்'னு நீ கேள்விப்பட்டதில்லை? அது நான் ஆரம்பிச்சதுதான்.

நாலு மணி வரைக்கும் என்னத்தைப் பண்ணப் போற, கேளு. கையை இங்கிட்டு நீட்டு, சொல்லிக்கிட்டே உனக்கும் ஒரு தடவை பாத்துருவோம். சட்டைக் கையை மேல ஏத்திக்கோ. ஆங்.

பிரஷர் மாத்திரை கவர்மெண்ட்ல இல்லாம இல்லை தாயி. கொட்டிக் கிடக்கு. வாங்கத்தான் ஆள் வராது. ஏன்னா பிரஷர் வலிக்காதுல்ல? பல்லு வலின்னா ஓடி வருவாக. பிரஷர் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கும். நான் மொத மொத வீடு வீடாத்தான் போனேன். தெரு முக்குல திரும்பும்போதே "பிரஷர்காரி வர்றாடி"ன்னு கதவைச் சாத்திருவாளுக. உள்ள டிவி பாடும், வெளிய பூட்டுத் தொங்கும். ஒருத்தி ஜன்னல் வழியா, குரலைச் சின்னப்பிள்ளை மாதிரி மாத்திக்கிட்டு, "அம்மா வீட்ல இல்லை"ங்குறா. அவ அம்மா செத்தே எத்தனையோ வருசமாச்சு! கருமாதிச் சோறு தின்னவ நான், என்கிட்டயே சொல்றா.

எங்க கரட்டுத் தெருவுக்குத் தண்ணி அப்பல்லாம் லாரியிலதான். புதன்கிழமைக்குப் புதன்கிழமை. காலையில ஏழு மணிக்கு வரணும். வந்துட்டாலும்! டிரைவர் மொக்கச்சாமி பைபாஸ் புரோட்டாக் கடையில உக்காந்தான்னா எந்திரிக்க மாட்டான். பத்தாகும், பதினொண்ணாகும். நாங்க வேப்பமரத்தடியில குடத்தை வரிசை போட்டுட்டு உக்காந்து கிடக்கணும். எந்திரிச்சுப் போனா போச்சு, எவளாவது நம்ம குடத்தைப் பின்னால தள்ளிருவா. அதுல பூச்செண்டு கெட்டிக்காரி. ஆகாயத்தைப் பாத்துக்கிட்டே காலால தள்ளுவா.

ஒரு புதன்கிழமை ஆபீஸ்ல இருந்து போன் மேல போன். எத்தனை பேருக்குப் பாத்த, எத்தனை பேருக்குப் பாத்தன்னு உயிரை எடுக்குறாக. நானும் குடம் போட்டிருக்கேன், விட்டுட்டு எங்கிட்டுப் போக? சரின்னு மிஷினை எடுத்து மரத்தடியிலயே விரிச்சிட்டேன். "ஏ பூச்செண்டு, இங்க வாடி, உன் கொழுப்பு எம்புட்டுன்னு பாப்போம்"னு ஒரு சத்தம் குடுத்தேன். தெருவே சிரிச்சுச்சு. அவ சும்மா விடுவாளா? "மொத உன் வாய்க்கு ஒரு பட்டை சுத்து மதினி"ன்னுக்கிட்டே வந்து உக்காந்தா. அவ பின்னாடியே அம்புட்டுப் பேரும் வந்தாளுக. கதவைச் சாத்துனவ, ஜன்னல்காரி, எல்லாரும்! அன்னிக்குத்தான் தாயி என் குரலோட அருமை எனக்கே விளங்குச்சு.

குரல்தான். வேற ஒண்ணும் கிடையாது. இந்த ஊர்ல யாருக்கு இருக்கு இந்தக் குரல்?

பேசாம இரு, மிஷின் ஓடும்போது கையை ஆட்டக்கூடாது. உனக்கு நல்லாத்தான் இருக்கு. நூத்திப் பதினாறு. ராணி மாதிரி இரு. என்னம்மா, உங்களுக்கும் பாக்கணுமா? உக்காருங்க, இப்படி இந்தப் பிள்ளை பக்கத்துல உக்காருங்க. கையை நீட்டுங்க. இது பாட்டுக்கு ஓடட்டும், நீ கேளு.

அதுல இருந்து வாராவாரம் மரத்தடிதான். பூச்செண்டுக்கு நூத்தி எண்பது இருந்துச்சு, எனக்கே பகீர்னுச்சு. மாத்திரையை என் கண்ணு முன்னாடி முழுங்கிட்டு, வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காமிப்பா. "பாத்துக்க மதினி, அடியில ஒளிச்சு வைக்கலை"ம்பா. கூட்டம் கைதட்டும். எங்க சண்டையைப் பாக்குறதுக்குன்னே பக்கத்துத் தெருவுல இருந்து குடத்தைத் தூக்கிட்டு வருவாளுக. அவ முழுங்கினா எல்லாரும் முழுங்குவாளுக. ஆறு மாசத்துல அவளுக்கு நூத்தி முப்பதுக்கு வந்துருச்சு. அது என் வேலை.

நீ கேப்ப, நாத்தனாதானே, வீட்டுக்குப் போயிக் குடுத்தா என்னன்னு. அவ வீட்டுப் படியை நான் மிதிக்கிறதில்லை தாயி. நாலு வீடு தள்ளித்தான் இருக்கா, ஆனா மிதிக்கிறதில்லை. அவ மக இந்துராணி கல்யாணத்துக்கு, தாய்மாமன் யாரு, எங்க வீட்டுக்காரரு. மொதப் பத்திரிகை யாருக்கு வைக்கணும்? புருசனும் பொண்டாட்டியுமா தட்டுல வெத்தலை பாக்கு, பழம் வச்சு, வீட்டுக்கு வந்து எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுக் குடுக்கணுமா இல்லையா? இவ புருசன் டீக்கடையில வச்சு, வடையைப் பிச்சுக்கிட்டே, "மச்சான், இந்தாங்க"ன்னு குடுத்துட்டுப் போறான். எண்ணெய்க் கையோட! பத்திரிகையில மாப்பிள்ளை பேரே தெரியலை. நாங்க மண்டபத்துக்குப் போனோம், சீர் செஞ்சோம், ஒரு குறையும் வைக்கலை. ஆனா அவ வந்து முறையாக் கூப்பிடுற வரைக்கும் அவ வீட்டுப் படி ஏறமாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். அவளும் என் வீட்டுப் படி ஏறமாட்டேன்னுட்டா. அவ எதுக்குச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனா மரத்தடி யாரு வீடும் இல்லைல்ல? அங்க பேசுனா பேசுன கணக்குல வராது. அதனால அங்க நல்லாப் பேசுவோம்.

அப்புறம்தான் சென்னையில இருந்து ரெண்டு காருல ஆள் வந்துச்சு. எங்க மாவட்டத்துலயே எங்க வார்டுல மட்டும் பிரஷர் இறங்குதேன்னு பாக்க வந்தாங்க. ஒரு மேடம், நல்ல மேடம்தான், என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. கூட வந்த பிள்ளைக எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போட்டோ எடுத்துச்சுக. உக்கார்ற பெஞ்சு நீலக் கலரா, எழுதிக்கோ. அது டீக்கடை பெஞ்சு தாயி, கடைக் கதவுக்கு அடிச்சு மிஞ்சின பெயிண்ட். மரத்துல ஒரு மணி தொங்குதா, எழுதிக்கோ. லாரி முக்குல திரும்பினா அடிக்கிறதுக்குத்தான் அது, பின்னால இருக்கவளுக ஓடி வரணும்ல. அன்னிக்கு பங்குனி வெயிலுன்னு ஒருத்தி ஒரு தூக்குல நீர்மோர் கொண்டாந்திருந்தா. அதையும் எழுதியாச்சு. ஆளுக்கு ஒரு டம்ளர்னு அளவோட.

படம் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது மொக்கச்சாமி லாரியைக் கொண்டாந்து நிறுத்திட்டான். அன்னிக்குன்னு பாத்துச் சீக்கிரம் வர்றான், எருமை. லாரி நின்னா என் முகம் மறையுதாம். "கொஞ்சம் ஓரமா நிறுத்தச் சொல்லுங்கம்மா, படத்துல விழுது"ன்னாங்க. நானே போயி, தள்ளி நிறுத்துடான்னு ஒரு சத்தம் போட்டேன். குடத்தையும் எடுத்து மரத்துக்குப் பின்னால வச்சோம். எங்க சண்டையையும் படத்துல வெட்டிட்டாங்க, ஒழுக்கமா இல்லையாம்.

மேடம் பூச்செண்டுகிட்டக் கேட்டாங்க, "நீங்கல்லாம் தவறாம வர்றீங்களே, எதனாலம்மா?" அவ என்ன சொன்னா தெரியுமா? "நாங்க தண்ணிக்கு வந்து காத்துக் கிடக்கோம் மேடம். சும்மா கிடக்கிற நேரத்துல இவ வந்து கையைப் பிடிச்சுக்கிறா. போக இடமில்லை, நீட்டுறோம்." எம்புட்டுப் பொறாமை பாரு! என் முகத்துக்கு நேராச் சொல்றா. மேடம் சிரிச்சுட்டு, "ரொம்ப அருமையான கருத்து"ன்னாங்க. அருமையான கருத்துன்னா எழுத மாட்டாங்கன்னு அர்த்தம். எழுதலை. எனக்கு மனசு குளுந்துருச்சு.

யாரு, வரிசையில நீங்களா அடுத்து? வாங்கய்யா. இந்தம்மா, உங்களுக்கு நூத்தி எழுபதுக்கு மேல காட்டுது. தலை சுத்துதா? இல்லையா? அதான் அது சிரிச்சுக்கிட்டே இருக்கும்னேன். நாளைக்குன்னு தள்ளாம இப்பவே கீழ எட்டாம் நம்பர் ரூம்ல போயிக் காட்டுங்க, மாத்திரை சும்மாதான் குடுப்பாங்க. குருவம்மா அனுப்புனான்னு சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியாட்டியும் சொல்லுங்க.

எங்க விட்டேன்? ஆங், மாவட்டம் பூரா போட்டுட்டாங்க தாயி நம்ம திட்டத்தை! ஊருக்கு ஊரு நீல பெஞ்சு, மணி, நீர்மோர். புதன்கிழமை காலையில ஏழு மணி. வேப்பமரம் இல்லாத ஊர்ல வேப்பங்கன்று நட்டு, சுத்தி இரும்புக் கூண்டு போட்டாங்க. முழங்கால் உசரம் இருக்கும் கன்று, அதுக்கு அடியில பெஞ்சு. என் குரலையும் மைக்ல பிடிச்சுக்கிட்டாங்க. அதை எல்லா ஊர்லயும் ஸ்பீக்கர் குழாய் கட்டிப் போட்டாங்க. அதுல என்ன கூத்துன்னா, "ஏ பூச்செண்டு, இங்க வாடி, உன் கொழுப்பு எம்புட்டுன்னு பாப்போம்"னு நான் கூப்பிட்டது அப்படியே இருக்கு. அதை மட்டும் வெட்ட மறந்துட்டாங்க. எங்கயோ மேற்க ஒரு ஊர்ல நிஜமாவே ஒரு பூச்செண்டு இருந்திருக்கா. வாராவாரம் விடிஞ்சும் விடியாம குழாய்ல இவ கொழுப்பைக் கேக்குறாங்களா, அவ அண்ணன் தம்பிகளைக் கூட்டிட்டு வந்து பெஞ்சைத் தூக்கிக் கம்மாயில போட்டுட்டா! சிரிக்காத. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, ஆனா வேலை வேலைதானே.

மத்த ஊர்ல பெஞ்சுக்கு ஆள் வரலைன்னதும், என்னையப் பயிற்சி குடுக்கக் கூப்பிட்டாங்க. ஏசி போட்ட கல்யாண மண்டபம். கேசரி, போண்டா, கழுத்துல சால்வை. வாரம் ஒரு ஊர். பயிற்சியை எந்தக் கிழமை வச்சாங்கங்கிற? புதன்கிழமை. அவங்களுக்கு அன்னிக்குத்தான் தோதாம். எங்க வார்டை மாத்திரை டப்பாவோட எங்க தெருப் பொண்ணு ஒருத்திகிட்ட விட்டுட்டுப் போவேன். பெரிய காரியம்னா சின்னதை விட்டுத்தானே ஆகணும்.

ஒரு தடவை கடற்கரைப் பக்கத்துல இருந்து உப்பளத்துப் பொம்பளை ஒருத்தி எந்திரிச்சா. "அக்கா, எங்க ஊர்ல விடியக் காலம் எல்லாரும் உப்பளத்துக்குப் போயிருவோம். ஏழு மணிக்கு மணி அடிச்சா நாய்தான் வருது. நாங்க சாயங்காலம் வேனுக்காக ரோட்டுல ஒரு மணி நேரம் நிப்போம், அங்க வச்சுப் பாக்கலாமா?"ன்னா. பயிற்சி நடத்துற தம்பி புத்தகத்தைப் புரட்டிப் பாத்துட்டு, "ரோடுன்னு இதுல இல்லைம்மா"ன்னுட்டாரு. நான் எந்திரிச்சு, "இங்க பாரு, மணி அடிச்சா பத்தாது, சத்தமாக் கூப்பிடணும்"னு சொல்லி, மைக் இல்லாம ஒரு குரல் குடுத்துக் காமிச்சேன். மண்டபமே அதிர்ந்துச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க. அவ மட்டும் தட்டலை. சிலபேருக்குக் கத்துக்கிற மனசு கிடையாது.

அப்புறம் எனக்குப் பாராட்டு விழா வச்சாங்க. மேடையில பெரிய அதிகாரி என் கையில மைக்கைக் குடுத்து, "உங்க வார்டுக்கு என்ன வேணும், கேளுங்கம்மா"ன்னாரு. கீழ எங்க தெரு பூரா உக்காந்திருக்கு. என்ன கேப்ப நீ? நான் கேட்டேன், "அய்யா, வீட்டுக்கு வீடு தண்ணிக் குழாய் வேணும்"னு. விசில் பறக்குது! மூணு மாசத்துல குழாய் வந்துருச்சு தாயி. எத்தனை கவுன்சிலர் வந்து போனாங்க, ஒருத்தனால முடிஞ்சுச்சா? நான் வாங்கிக் குடுத்தேன். பூச்செண்டே சொன்னா, "மதினி, வாழ்க்கையில இப்பத்தான் உருப்படியா ஒண்ணு கேட்டிருக்க"ன்னு.

அப்புறம் கேளு கொடுமையை. குழாய் வந்த மறு புதன்கிழமை நான் மரத்தடியில போயி உக்காந்திருக்கேன். பெஞ்சு இருக்கு, மணி இருக்கு, ஒரு அண்டா நீர்மோர் இருக்கு. ஆள் இல்லை. மணியை அடிச்சேன், கை வலிக்க அடிச்சேன். குரல் குடுத்தேன். அடுத்த வாரம் பெஞ்சுல நாய் படுத்திருக்கு. நல்லா நீட்டி நிமிந்து, அதுக்குத்தான் பெயிண்ட் அடிச்ச மாதிரி. கண்ணு பட்டுருச்சுன்னு எலுமிச்சம்பழம் கட்டுனேன். மோர் புளிக்குதுன்னு ஆளை மாத்துனேன். குழாய் வாங்கிக் குடுத்தவ நான், என்கிட்ட மாத்திரை வாங்க ஒருத்தி வரலைன்னா, நன்றி கெட்ட ஜனம்னு சொல்லாம வேற என்ன சொல்ல?

ஆபீஸ்ல சொன்னேன். புதுசா ரெண்டு நீல பெஞ்சு அனுப்புனாங்க.

வீடு வீடாப் போகலாமேங்கிற. போகலாம். ஆனா 'மாதிரி வார்டு'ன்னு முக்குல போர்டு வச்சிருக்கு. ஊருக்கே சொல்லிக் குடுக்கிறவ வீடு வீடாக் கதவைத் தட்டிக்கிட்டுத் திரிஞ்சா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? புத்தகத்துலயும் 'மக்கள் திட்டத்தைத் தேடி வருவார்கள்'னு போட்டிருக்கு. என் படத்துக்குக் கீழயே போட்டிருக்கு.

பூச்செண்டும் வரலை. வாசல்ல குழாயைத் திறந்து விட்டுட்டு இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிப்பா. நான் அந்த வழியாப் போனா, "மதினி, வா, உள்ள வந்து பாத்துட்டுப் போ. மாத்திரை தீந்து போச்சு"ம்பா. ஒரு தடவை இல்லை, மூணு நாலு தடவை கூப்பிட்டா. வாசல்ல நின்னுக்கிட்டுக் கூப்பிட்டா அது அழைப்பா? தட்டு எங்க, வெத்தலை எங்க? "மரத்தடிக்கு வாடி"ன்னுட்டுப் போயிருவேன். அவ, "இருக்கிற வேலையை விட்டுட்டு உன் மரத்தடியில வந்து என்னத்தைப் பண்ண?"ம்பா. அவளுக்குத் திமிரு. மாத்திரை வேணும்னா வந்து வாங்கணும்ல? நீயே சொல்லு. சொல்ல மாட்டேங்கிறியே.

சரி, சொல்ல வேணாம்.

நேத்துக் காலையில அவ வாசக் குழாய்ல குடம் பிடிச்சிருக்கா. நிறைஞ்ச குடத்தைத் தூக்கப் போயிருக்கா, கை தூக்கலை. குடம் உருண்டுருச்சு, அவளும் சரிஞ்சுட்டா. இந்துராணி பிரசவத்துக்கு வந்தவ கைக்குழந்தையோட இருந்தாளா, அவ போட்ட சத்தம் என் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. நான் எப்படி ஓடுனேன்னு எனக்குத் தெரியாது. செருப்பு இல்லை, அடுப்புல உலை கொதிக்குது, அணைக்கக்கூட இல்லை. ஆனா ஒண்ணு, முன்படி ஏறலை. சந்து வழியாச் சுத்திப் பின்வாசல்லதான் போனேன். சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான்.

உள்ள போயி அவ தலையைத் தூக்கி மடியில வச்சேன். மிஷினைப் போட்டா, அந்த நம்பரை நான் சொல்ல மாட்டேன் தாயி. என்னையப் பாக்குறா. வாயை அசைக்கிறா, ஏதோ திட்டப் பாக்குறா, ஒரு எழுத்து வரலை. கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி. "திட்டுடி, ஏதாவது சொல்லித் திட்டித் தொலைடி"ன்னேன். எனக்குத்தான் அழுகை வந்துச்சு. ஆம்புலன்ஸ்ல வர்ற வழியெல்லாம் இந்தா இந்தக் கையைத்தான் பிடிச்சிருந்தா. நல்ல கையால.

இரு, மூக்கைச் சிந்திட்டு வர்றேன்.

யம்மா, வரிசையில இடிக்காதீங்க! அந்த மஞ்சச் சேலை, நீங்க அவருக்குப் பின்னாடி. பாத்தியா தாயி? திரும்பிப் பாரு. நான் ஒரு வார்த்தை கூப்பிட்டேனா? அந்தக் கதவுகிட்ட நின்ன கூட்டம் பூரா இங்க நிக்குது, கையை ஏத்திவிட்டுக்கிட்டு. பெஞ்சு இல்லை, மணி இல்லை, மோர் இல்லை. உங்கிட்டப் பேசுன குரல் காதுல விழுந்துச்சு, வந்துட்டாங்க. இப்பச் சொல்லு, பூச்செண்டு சொன்னது பொறாமைதானே? தண்ணிக்காக நின்னாங்களாம்! இங்க என்ன தண்ணி லாரியா வருது?

ஏன் சிரிக்கிற? நாலு மணிக்குக் கதவு திறக்கத்தான் நிக்கிறாங்களா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த ஆள் வாங்க... இந்துராணி! என்னடி, அம்மாவுக்குத் துணையா உள்ள இருக்கச் சொன்னா வெளிய ஓடி வர்ற? என்னாச்சு அம்மாவுக்கு? அழாமச் சொல்லு. சொல்லித் தொலைடி!

என்னது? பேசுனாளா? என்ன சொன்னா? திரும்பச் சொல்லு, இந்தப் பிள்ளைக்கும் கேக்கட்டும்.

"வெளிய எவ கத்துறது, மதினியா?"ன்னு கேட்டாளாம்! கேட்டியா தாயி? ரெண்டு கதவு தாண்டி என் சத்தம் அவ காதுல விழுந்து, வாய் கோணினபடியே கேட்டிருக்கா. குழறுதாம், குழறட்டும். குழறிக் குழறித் திட்டட்டும். ஐயோ என் ராசாத்தி. இப்பவாவது ஒத்துக்கிறியா, எல்லாம் குரல்தான்!

கதவைத் திறந்துட்டாங்க. ஏய், எங்க ஓடுறீங்க எல்லாரும்? யோவ் அய்யா, பட்டையோட ஓடாதய்யா, மிஷின் கீழ விழுந்துரும்! கழட்டு, கழட்டிக் குடுத்துட்டுப் போ. பாத்தியா, ஒரு நிமிசத்துல ஒருத்தர் மிச்சமில்லை. சரி போகட்டும், அவங்கவங்க ஆளைப் பாக்கணும்ல. நானும் போறேன்.

உள்ள போயி அவகிட்ட என்ன சொல்லப் போறேன் தெரியுமா? எங்க வீட்டுக் குழாய் ரிப்பேருடின்னு சொல்லப் போறேன். காலையில காலையில குடத்தைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வருவேன், தண்ணி பிடிச்சுக்கிறேன்னு. குடத்தோட போனா விருந்தாடியாப் போன கணக்குல வராது. படியை மிதிச்ச கணக்குலயும் வராது, குழாய் வாசல்லதானே இருக்கு. நிறையுற வரைக்கும் சும்மாதானே நிக்கணும், அப்ப அவ கையை நீட்டட்டும், மாத்திரையை முழுங்கட்டும், நாக்கை நீட்டிக் காமிக்கட்டும். மிஷினைக் குடத்துக்குள்ள வச்சுக் கொண்டுபோனா யாருக்குத் தெரியப் போகுது? என் வீட்டுக் குழாய் நல்லாத்தான் ஓடுது. அது அவளுக்கும் தெரியும். கேக்க மாட்டா.

ஆனா தாயி, இதை அந்தச் சென்னை மேடம் யாரையும் பாத்தா சொல்லிறாத. மாவட்டம் பூரா ஆளுக்கு ஒரு குடம் குடுத்து, நீல பெயிண்ட் அடிக்கச் சொல்லிருவாங்க.